மேல் பள்ளியின் கடைசி மாணவி

அமைதியாய் அமர்ந்திருந்தாலும் கைக்கடிகாரத்தின் மேல் ஒரு கண்ணை வைத்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னே பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்டு, இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! வேலை முடித்த களைப்போடு வந்து, களைப்பைக் காட்டாமல் கண்விரித்துக் காத்திருக்கும் பெரியோர்களே! பெற்றதோடு நில்லாமல், பெற்ற பிள்ளைக்காகக் கூட்டம் கூட்டமாக அலைந்துகொண்டிருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் நின்றபடி வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும் இளைஞர்களே! பக்கத்து ஊரிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் இந்தக் கணக்கு டீச்சர், உங்கள் அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

நாளைக் காலை நீங்கள் கை தூக்கி ஒரு முடிவு எடுக்கப் போகிறீர்கள். நுழைவுத் தேர்வு வைத்து, கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும் தனிப் பள்ளி ஒன்று இந்த ஊருக்கு வேண்டுமா, வேண்டாமா? அதற்காகத்தான் என்னை அழைத்தீர்கள். வாசலில் தலைப்பைப் பார்த்தேன். ‘பொறுக்கி எடுத்த பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பேனர் அடித்தவர் ‘எடுத்த’ என்ற சொல்லை மட்டும் விட்டிருந்தால் இந்த ஊரின் மானம் என்ன ஆகியிருக்கும்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்த முகத்தோடு கேட்டால்தான் சிக்கலான செய்தி உள்ளே இறங்கும்.

எங்கள் ஊரில் இரண்டு பள்ளிகள். மேட்டின் மேல் ஒன்று, மேட்டின் அடியில் ஒன்று. பலகையில் என்ன பெயர் இருந்தாலும், ஊர் வாயில் அவை மேல் பள்ளி, கீழ்ப் பள்ளி. பதினோரு வயதில் ஒரு தேர்வு. தேறினால் மேலே, தேறாவிட்டால் கீழே. நான் கீழ்ப் பள்ளியின் கணக்கு டீச்சர்.

அதே ஊரில் அக்கா தங்கை இருவர். அக்கா அழகு நிலையம் வைத்திருக்கிறார். கணவர் இல்லை, கத்தரிக்கோலும் சீப்பும் கொண்டு ஒற்றை ஆளாய்க் குடும்பத்தை நடத்துகிறவர். தங்கை, பேருந்து ஓட்டுநர். அக்காவுக்கு ஒரு மகள். தங்கைக்கு ஒரு மகன். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே தெரு, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பையன் எதையும் ஆற அமரச் செய்வான். செருப்பு மாட்டவே அரை மணி நேரம் ஆகும். அவனுக்கு வீட்டில் ‘நிதானம்’ என்று பெயர். பெண்ணுக்கு அதுவரை செல்லப்பெயர் கிடையாது. தேர்வு முடிவு வந்த அன்றுதான் அவளுக்கு அது கிடைத்தது. மேல் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் அம்மா சூட்டிய பெயர், ‘டாக்டரம்மா’!

அன்றைக்கு அழகு நிலையத்தில் வந்தவர் போனவர் எல்லாருக்கும் இலவசமாய்த் தலை அலசிவிட்டார் அந்தத் தாய். போன வாரம் முடி வெட்டிக்கொண்டவர்கள்கூடத் திரும்ப வந்து உட்கார்ந்தார்களாம்!

பையன் தேறவில்லை. அவன் அன்று பள்ளியிலிருந்து நேராகப் போய் அம்மா ஓட்டுகிற பேருந்தில் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பேருந்து போய் வந்தது. அவனும் போய் வந்தான். மேல் பள்ளி நிறுத்தத்தில் வண்டி நின்று கிளம்பியபோது ஒன்றே ஒன்று கேட்டான்.

“அம்மா, பாஸ் பண்ணலேன்னா இந்த ஸ்டாப்ல இறங்கவே கூடாதா?”

அந்த அம்மா எனக்குச் சொன்னது: “டீச்சர், எத்தனையோ வருஷமா வண்டி ஓட்டறேன். அன்னிக்குத்தான் ரோடு கண்ணுக்குத் தெரியாம ஓட்டினேன்.”

உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். தேர்வு கொடியது, மேல் பள்ளி பொல்லாதது என்று பேச நான் வரவில்லை. அந்த அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்: “எங்களுக்குச் சொத்து கிடையாது டீச்சர். சிபாரிசு பண்ண ஆள் கிடையாது. எங்க போனாலும், நீ யாரு, எங்கேர்ந்து வர்றேன்னுதான் முதல்ல கேப்பாங்க. அந்தப் பரீட்சை ஒண்ணுதான் மூஞ்சியப் பாக்காம என் பொண்ணுக்குக் கதவத் தொறந்துச்சு. அதையும் மூடணும்னு சொல்றவங்க, வேற எந்தக் கதவு எனக்காகத் திறந்திருக்குன்னு காட்டட்டும்.”

அவையோரே, இதற்கு என்ன பதில்? அறிவாளிகளிடம் பதில் உண்டா? அரசாள்வோரிடம் பதில் உண்டா? என்னிடம் இல்லை. இன்றைக்கும் இல்லை. வலதுபக்கம் ஒரு பெரியவர் ‘சரியான கேள்வி’ என்கிறார். ஆமாம் ஐயா, சரியான கேள்விதான். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அந்தத் தாயே பதில் சொன்ன கதைக்குத்தான் வருகிறேன்.

ஆண்டுகள் நான்கு ஓடின. ஒரு மழைக்காலத்தில் மேல் பள்ளிக் கட்டடத்தில் விரிசல் விழுந்தது. பொறியாளர்கள் வந்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், பூட்டச் சொன்னார்கள். எங்கள் கீழ்ப் பள்ளியில் அறைகள் காலியாகக் கிடந்தன. ஆகவே மேல் பள்ளி இறங்கி வந்து எங்கள் மாடியில் குடியேறியது.

ஒரே கட்டடம், ஆனால் இரண்டு வாசல், இரண்டு மணி, இரண்டு நேரம்! அவர்களுடைய இடைவேளை மணி அடித்தால், வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று எங்கள் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். எங்கள் மணி அடித்தால் அவர்கள் தேர்வுத் தாளை மடித்துக் கொடுத்துவிடுவார்கள். முதல் வாரத்தில் காவலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்: “எந்தப் புள்ளை எந்தப் பள்ளின்னு எனக்கே தெரியல டீச்சர். எல்லாம் ஒரே மாதிரிதான் கத்துது!”

அந்த நேரத்தில் மேல் பள்ளியின் கணக்கு ஆசிரியை பிள்ளைப்பேறு விடுப்பில் போனார். மாற்று ஆள் கிடைக்கவில்லை. இரண்டு தலைமையாசிரியைகளும் கூடிப் பேசினார்கள். பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் மட்டும் இரண்டு பள்ளிக்கும் சேர்த்து ஒரே அறையில் நடக்கும் என்றார்கள். நடத்துவது யார்? உங்கள் முன் நிற்கும் இந்த ஏமாந்த சோணகிரிதான்!

மறுநாளே ஆசிரியர் அறை வாசலில் அழகு நிலைய அக்கா. கடையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார். மேலங்கிப் பையில் கத்தரிக்கோல். அதைப் பார்த்து எங்கள் அறிவியல் ஆசிரியர் ஓசைப்படாமல் எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டார்.

“டீச்சர், உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா என் பொண்ணு கஷ்டப்பட்டு மேல போனவ. அவளக் கீழ இழுத்துடாதீங்க.”

“இழுக்க மாட்டேன்மா. ஒரு பருவம் பாருங்க. சரிப்படலேன்னா நானே வந்து சொல்றேன்.”

“நீங்க சொல்ற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்.”

வகுப்பு தொடங்கியது. மேல் பள்ளி வலப்பக்கம், கீழ்ப் பள்ளி இடப்பக்கம். நடுவே யாரும் போடாத எல்லைக்கோடு. முதல் நாள் பாடம் நடத்தி முடித்து, “புரிந்ததா?” என்றேன். வலப்பக்கம் முழுவதும் ஒரே குரலில் “புரிஞ்சுது டீச்சர்” என்றது. இடப்பக்கத்திலிருந்து நிதானம் எழுந்தான். “புரியல டீச்சர்.”

வலப்பக்கம் அவனை அதிசயமாகப் பார்த்தது. ஏன் தெரியுமா? கெட்டிக்காரர்கள் என்று முத்திரை குத்திச் சேர்த்த இடத்தில், அந்த ஒரு சொல்லை நான்கு ஆண்டுகளாக ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை! புரியாதவர்கள் இல்லாமல் இல்லை. புரியவில்லை என்றால் தப்பித்தவறி உள்ளே வந்துவிட்டவள் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. இனி இறங்குவதற்குக் கீழே ஏதும் இல்லையே!

நம் டாக்டரம்மாவை அங்கேதான் கண்டேன். வலப்பக்கத்துக் கடைசி இருக்கை. குனிந்த தலை நிமிராது. கேட்டால் ஒழியப் பேச்சு வராது. கணக்கைப் போடுவாள், போட்ட வேகத்தில் அழிப்பாள். ஒருநாள் மற்றவர்கள் போனபின் கேட்டேன்.

“ஏம்மா அழிச்சே? சரியாத்தானே போட்டிருந்தே?”

“எனக்குச் சரின்னு பட்டா அது தப்பாத்தான் டீச்சர் இருக்கும்.”

“யாரு சொன்னது?”

“யாரும் சொல்ல வேணாம் டீச்சர். எங்க கிளாஸ்ல நான்தான் கடைசி. சேர்ந்ததுலேர்ந்தே.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

இல்லை என்று தலையை ஆட்டினாள். “இந்த வருஷத்தோட நின்னுடலாம்னு இருக்கேன். அம்மா கடையில ஒரு நாற்காலி சும்மாத்தான் இருக்கு. நானும் முடி வெட்டக் கத்துக்கறேன்.”

முடி வெட்டுவது குறைந்த தொழிலா? இல்லை. விரும்பிப் போனால் விருது வாங்கப் போவது போல் போகலாம். ஆனால் தான் மக்கு என்று நம்பிக்கொண்டு ஒரு பிள்ளை எங்கே போனாலும், எந்தச் சிம்மாசனத்தில் ஏறி அமர்ந்தாலும், அது ஓடி ஒளிவதுதானே? ஊரையே சலித்து எடுத்த நல்ல பிள்ளைகளில் ஒருத்தி அவள். அந்தச் சல்லடைக்குள்ளேயும் கடைசி என்று ஒருவர் இருந்துதானே ஆக வேண்டும்? ஒளி மிகுந்த இடத்தில் வைத்ததால் தன் விளக்கு எரியவே இல்லை என்று நினைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழிந்தது. ஒரு கணக்குக் கொடுத்தேன். தாய்மார்களே, நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு பேருந்து மேடு ஏறும்போது மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம். அதே வழியில் இறங்கும்போது அறுபது. போய்வந்த பயணத்தின் சராசரி வேகம் என்ன?

நாற்பத்தைந்து என்கிறீர்கள். பின்வரிசையும் நாற்பத்தைந்து என்கிறது. தலைவரும் உதட்டை அசைத்தார், நான் பார்த்துவிட்டேன்! அன்றைக்கும் வகுப்பு முழுவதும் அப்படித்தான் சொன்னது. முதல் மதிப்பெண் வாங்குகிற பையனும் அப்படியே சொன்னான். நிதானம் மட்டும் எழுந்து நின்றான்.

“புரியல டீச்சர்.”

“என்னப்பா புரியல?”

“எங்கம்மா பஸ்ல மேடு ஏறும்போது ரொம்ப நேரம் உக்காந்திருப்போம். இறங்கும்போது சட்டுனு வந்துடும். மெதுவாப் போற நேரம்தானே அதிகம்? அப்புறம் எப்படி ரெண்டையும் சமமாக் கூட்டி ரெண்டால வகுக்கலாம்?”

“அப்படின்னா விடை என்ன?”

“அது தெரியல டீச்சர். ஆனா நாப்பத்தஞ்சு இல்ல.”

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் வலப்பக்கக் கடைசி இருக்கையிலிருந்து ஒரு மெல்லிய குரல்: “நாப்பது.”

“யாரது? எழுந்து சொல்லு.”

எழுந்தாள். “தூரம் அறுபது கிலோமீட்டர்னு வச்சுக்கலாம் டீச்சர். ஏற ரெண்டு மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம். மொத்தம் நூத்தி இருபது கிலோமீட்டர், மூணு மணி நேரம். அப்ப நாப்பது.”

முதல் மதிப்பெண் பையன் தன் நோட்டைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், நல்ல பிள்ளை, வாய்விட்டே சொன்னான்: “ஆமா டீச்சர். நான் அவசரப்பட்டுட்டேன்.”

நம் நிதானம் விடுகிற ஆளா? “ஏய் டாக்டரம்மா, இன்னொரு தடவை சொல்லு. எனக்கு இன்னும் புரியல.”

“எத்தன தடவைடா சொல்றது?”

“புரியற வரைக்கும்!”

சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்கு வந்தாள். முதல்முறை முணுமுணுத்துச் சொன்னாள். இரண்டாம் முறை படம் போட்டுச் சொன்னாள். மூன்றாம் முறை இடுப்பில் கை வைத்து அதட்டிச் சொன்னாள்! அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, தனக்குத் தெரியும் என்பது அவளுக்கு அன்றுதான் புரிந்தது. அதற்குப்பின் நாள்தோறும் வகுப்பு முடிந்தும் இருவரும் பலகையடியில் நிற்பார்கள். நாலு பேர் சேர்ந்தார்கள். பிறகு வலமும் இடமும் கலந்து ஒரு கூட்டமே சேர்ந்தது. வலப்பக்கத்தில் புரியாமலே புரிந்ததாய்ச் சொல்லி வந்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் எனக்கே தெரிய வந்தது.

நல்ல செய்தி நாலு காதுக்குப் போகாமல் இருக்குமா? மேல் பள்ளி ஆசிரியை ஒருவர் முடி வெட்டிக்கொள்ளப் போனவர், கண்ணாடி முன் உட்கார்ந்து கள்ளமில்லாமல் சொல்லியிருக்கிறார்: “உங்க பொண்ணு தேறிட்டாம்மா. நாலு வருஷமா கடைசியா இருந்தவ, இப்ப மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறா.”

பாராட்டாகத்தான் சொன்னார். தாயின் காதில் பாதிதான் விழுந்தது. ‘நாலு வருஷமா கடைசி’ என்ற பாதி. ஆசிரியைக்கு ஒரு பக்கம்தான் வெட்டி முடிந்திருந்தது. கடையை உதவிப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்துவிட்டார். நான் மகளைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தேன். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“நாலு வருஷமா ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“எப்படிம்மா சொல்றது? கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர் தலையிலயும் கை வைக்கும்போது என்னைப் பத்தித்தானே பேசின. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தியேம்மா.”

அந்தத் தாய் மகளைத் திருப்பித் தாழ்வாரப் பெஞ்சில் உட்கார வைத்தார். பலகையடியில் நின்று சாக்பீஸ் தூள் படிந்து கலைந்திருந்த பின்னலை அவிழ்த்தார். பையிலிருந்து சீப்பை எடுத்து, சிக்கெடுத்து, வாரி, மறுபடி பின்னினார். நான் அப்பால் போகலாம் என்று திரும்பினேன். காதில் விழுந்தது.

“இனிமே டாக்டரம்மான்னு கூப்பிட மாட்டேன்.”

“கூப்பிடும்மா. எனக்குப் பிடிக்கும். கடையில மட்டும் வேணாம்.”

“நாளைக்கு அந்த நாற்காலியில வந்து உக்காரப் போறியா?”

“இல்லம்மா. நாளைக்கு நான் இருபடிச் சமன்பாடு சொல்லிக் குடுக்கணும். அவன் காத்திட்டிருப்பான்.”

கட்டடம் பழுது பார்த்து முடிந்தது. மேல் பள்ளி மேலே போவதா, இங்கேயே கலந்து இருப்பதா? பெற்றோர் கூட்டம். முதல் மதிப்பெண் பையனின் தந்தை எழுந்தார். பல் மருத்துவர், பண்பாகவே பேசினார். “என் மகன் சில நாள் வகுப்புல சும்மா உக்காந்திருக்கான். மத்தவங்களுக்காக அவன் ஏன் காத்திருக்கணும்?” நியாயமான கேள்வி. நான் எழுந்து ஒப்புக்கொண்டேன். ஆமாம், சில நாள் அவனுக்குச் சலிப்புத்தான். அதனால் கடினக் கணக்குக்குத் தனியாக ஒரு மணி நேரம் வைத்தேன், யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம் என்று. நிதானமும் வந்தான். இரண்டு வாரம் முழித்தான். “இது இப்ப வேணாம் டீச்சர், அப்புறம் வர்றேன்” என்று சிரித்துக்கொண்டே போனான். அடுத்த பருவத்தில் திரும்ப வந்தான், தாக்குப் பிடித்தான்!

அதே கூட்டத்தில், பல் மருத்துவருக்குப் பிறகு அழகு நிலைய அக்கா எழுந்தார். மேலே போகத்தான் வாதாடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பக்கத்தில் ஓட்டுநர் சீருடையில் தங்கை. அக்கா சொன்னார்:

“அந்தப் பரீட்சை என் பொண்ணுக்குக் கதவத் தொறந்துச்சு. அந்த நன்றி எனக்கு இருக்கு. ஆனா பதினோரு வயசுல ஒரே ஒரு காலையில தொறந்துட்டு, அப்புறம் ஏன் பூட்டிக்கணும்? என் தங்கச்சி மகன் பன்னெண்டு வயசுல தட்டக் கூடாதா? பதினஞ்சு வயசுல தட்டக் கூடாதா? உள்ள போன என் மக, மூச்சு முட்டினா கொஞ்சம் வெளிய வந்துட்டுத் திரும்பப் போகக் கூடாதா? கதவ மூடுங்கன்னு நான் சொல்லல. தாழ்ப்பாளக் கழட்டுங்கன்னுதான் சொல்றேன்.”

தங்கை எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்களா? இல்லை. சில குடும்பங்கள் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போயின. மேல் பள்ளித் தலைமையாசிரியைக்கு இன்றும் முழு மனம் இல்லை. ஆனாலும் இருக்கிறார், இருந்து உழைக்கிறார். இப்போது இரண்டு கட்டடமும் ஒரே பள்ளி. பதினோரு வயதுத் தேர்வு போய்விட்டது. கடினப் பாடம் இருக்கிறது. ஒவ்வொரு பருவமும் யாரும் முயன்று பார்க்கலாம், ஏறலாம், இறங்கலாம், மறுபடி ஏறலாம்.

பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று அந்த அம்மா சைகையில் கேட்கிறார். சொல்கிறேன் அம்மா. எல்லாரும் முதலிடம் வந்தார்கள் என்று புளுக மாட்டேன். முதல் மதிப்பெண் பையன்தான் அப்போதும் முதல். டாக்டரம்மா டாக்டர் ஆகவில்லை. கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள், விரும்பிப் படிக்கிறாள். நிதானம் குளிர்பதனப் பொறியியலில் பட்டயப் படிப்பு. ஒரு தாள் பாக்கி. போன வாரம் பேருந்தில் அவன் அம்மாவைப் பார்த்தேன். “அவனோட வாத்தியார் போன் பண்ணினாரு டீச்சர். உங்க பையன் ராத்திரி கனவுலயும் வந்து கேள்வி கேக்கறான்னாரு” என்று சிரித்தார். இருவருமே இன்னும் எந்த உச்சிக்கும் போய்விடவில்லை. ஆனால் இருவருமே நடந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு அது போதும். அந்த இரண்டு தாய்மார்களுக்கும் அது நிறைவு.

அன்பார்ந்த அவையோரே! திறமையைத் தேடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. தேடுங்கள், தினந்தோறும் தேடுங்கள்! ஒரே வயதில் தேடி, ஒரே நாளில் தேடி, ஒரே தாளில் தேடி, கிடைத்தவர்களைக் கொண்டாடிக் கிடைக்காதவர்களைக் கைகழுவாதீர்கள். காலையில் மலரும் பூ உண்டு, மாலையில் மலரும் பூ உண்டு. மாலைப் பூவைக் காலையில் பார்த்துவிட்டு ‘மொட்டு’ என்று எழுதிக் கதவடைப்பது கணக்கா? கணக்கு டீச்சர் சொல்கிறேன், அது தப்புக் கணக்கு! உயர்ந்தவர்களைத் தாழ்த்தி ஒரு சமம் வேண்டாம். உயர நினைப்பவர் எவருக்கும், எந்த வயதிலும், எத்தனையாவது முறையும் வழி இருக்கட்டும். அதைத் தருகிற ஊர்தான் வளர்ந்த ஊர்! அதைத் தருகிற பள்ளிதான் உயர்ந்த பள்ளி!

தலைவர் எழுந்து நிற்கிறார், முடித்துவிடுகிறேன். இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், தவறாமல் ஒலித்த ஒலிபெருக்கிக்கும், அதைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கும் நன்றி. நாளைக் காலை வாக்களிக்கும்போது உங்கள் பிள்ளைக்காக ஒரு கையைத் தூக்குங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக இன்னொரு கையையும் தூக்குங்கள். இரண்டு கையையும் தூக்கினால் வாக்குச் செல்லாது என்கிறார் தலைவர். செல்லாவிட்டால் போகட்டும், தூக்கிய இரண்டு கைகளையும் ஒன்றாகச் சேருங்கள். அதற்கு நம் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது.

வணக்கம்!